இறக்கி வைக்காத அதிகாரம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மின்னஞ்சலை அனுப்பிய கையோடு வைஷாலி நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். "எங்கள் மென்பொருளில் பிழை எதுவும் இல்லை. அனுமதி இல்லாத ஒருவர் அந்தக் கோப்புகளைத் திறக்க வழியே கிடையாது" என்று எழுதியிருந்தாள். எழுதியது பொய்யில்லை. அவளுக்குத் தெரிந்தவரை பொய்யில்லை. இந்தத் 'தெரிந்தவரை'தான் ஊரப்பாக்கத்து வீட்டுக்கு வந்து சேரும்வரை அவளைப் பிடுங்கித் தின்றது.

விஷயம் இதுதான். செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே எடுக்கிற படங்கள், ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் பெட்டியை விற்றது வைஷாலியின் கம்பெனி. பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ். அதன் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் அடிவயிற்றுக்குள் உட்கார்ந்து கோப்புகளைக் காவல் காக்கும் பகுதியை எழுதியவள் வைஷாலி. யார் வந்து எந்தக் கோப்பைக் கேட்டாலும், நீ யார், இதைத் திறக்க உனக்கு உரிமை உண்டா என்று விசாரித்த பிறகே கெர்னல் வழிவிடும். தெரிந்த முகம், நல்ல பையன் என்ற தாட்சண்யமெல்லாம் அதற்குக் கிடையாது.

அப்படிப்பட்ட இடத்தில், கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கும் ஒப்பந்த ஊழியர் ஜெபக்குமார், டைரக்டர் வீட்டாரின் மருத்துவ ரிப்போர்ட்டுகள் இருந்த தனி ஃபோல்டரைத் திறந்துவிட்டார். திறந்ததை அவரே மறுக்கவில்லை. பெட்டியின் பதிவிலும் அவர் பெயர் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில், அந்த நேரம் அவர் கையில் தலைமை அதிகாரம் இருந்ததாகவும் பதிவாகியிருந்தது. எந்தக் கதவும் கேள்வி கேட்காமல் திறக்கும் அதிகாரம் அது. அதற்கான பாஸ்வேர்டு, சென்டரின் மேனேஜர் பிரபாவதி ஒருத்திக்குத்தான் தெரியும். ஆகவே ஜெபக்குமார் பாஸ்வேர்டைத் திருடியிருக்கிறார். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று சென்டரில் முடிவு கட்டிவிட்டார்கள். போலீசுக்குப் போவதற்கு முன்னால், "உங்கள் பெட்டியில் கோளாறு இருக்க வாய்ப்புண்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டார்கள். அதற்குத்தான் வைஷாலி பதில் எழுதினாள்.

சும்மா எழுதவில்லை. அலுவலகத்துப் பெட்டியில் சாதாரண ஆளாக உள்ளே நுழைந்து அதே மாதிரி ஃபோல்டரைத் திறக்கப் பார்த்தாள். அனுமதி மறுக்கப்பட்டது. வேறு பெயரில் வந்தாள். மறுக்கப்பட்டது. தான் எழுதிய நிரலையும் எடுத்துப் படித்தாள். பழைய கோப்பை யாராவது திருத்தினால் கெர்னல் அதற்கு உள்ளறையில் ஒரு நகல் எடுக்க வேண்டும். உள்ளறைக்குள் போகச் சாதாரண ஆளுக்கு அதிகாரம் கிடையாது. அதனால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் அவருக்குத் தலைமை அதிகாரத்தை மாட்டிவிட்டு, நகல் எடுத்து முடித்ததும் கழற்றிக்கொள்ள வேண்டும். மாட்டுகிற வரி இருந்தது. கழற்றுகிற வரியும் இருந்தது. இரண்டையும் கண்ணால் பார்த்தாள். அப்புறம் என்ன?

கெர்னல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார்கள். வைஷாலிக்கு அது கொஞ்சம் முற்றிய நிலை. எதிரே வைத்த தோசை ஆறிப்போகும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் எழுதியது சரி என்றால் அந்த மனிதர் திருடன். அவர் திருடன் இல்லையென்றால் தான் எழுதியது தப்பு. நடுவில் உட்கார இடமே இல்லை.

"நாளைக்குக் காலைல திருவிடந்தை போறோம்" என்றாள் அம்மா லதா. "அந்த மாலைக்கு ஒரு வழி பண்ணணும்."

பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது அந்த மாலை. மாலை என்பது மரியாதைக்குச் சொல்வது. பூவெல்லாம் பொடிந்து உதிர்ந்து, பழுப்பு நாரும் கொஞ்சம் சருகும்தான் மிச்சம். வரன் அமையாதவர்கள் திருவிடந்தைப் பெருமாளிடம் போய், பூஜை செய்து தரும் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றி, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைத்திருப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் ஜோடியாகப் போய்க் கோயிலிலேயே திருப்பிச் சேர்த்துவிட வேண்டும். வைஷாலியும் சுற்றினாள். வரனும் அமைந்தது. நிச்சயமும் ஆனது. பிறகு மாப்பிள்ளை வீட்டார் ஏதேதோ காரணம் சொல்லிப் பின்வாங்கினார்கள். பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மாலை மட்டும் ஆணியிலேயே நின்றுவிட்டது. எடுத்துப் போடவும் பயம், வைத்திருக்கவும் பயம். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சியில் இருந்து ஓய்வு பெற்ற அப்பா கோபாலகிருஷ்ணனிடம் கேட்டால், "அது என் டிபார்ட்மெண்ட் இல்ல" என்பார்.

சனிக்கிழமை காலை அப்பா காரை எடுத்தார். வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம், கோவளம் தாண்டி ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையைப் பிடிக்கும்வரை வைஷாலி பின் இருக்கையில் மடிக்கணினியைத் திறந்தே வைத்திருந்தாள். பக்கத்தில் மாலை ஒரு துணிப்பைக்குள் கிடந்தது. மாட்டுகிற வரி, கழற்றுகிற வரி. மறுபடியும் மறுபடியும் அந்த இரண்டையே பார்த்தாள். மனசு ஒரு நிலையில் இல்லை.

கோயில் வாசலுக்கு வந்ததும் அம்மா தயங்கி நின்றாள். பையிலிருந்து மாலையை எடுப்பதும் உள்ளே திணிப்பதுமாக இருந்தாள். பூக்கடைக்கார அம்மாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாம்மா, காஞ்ச மாலைய வெச்சுகினு நிக்கிற? மாப்ள வர்லியா?"

"கல்யாணம் நின்னு போச்சுங்க" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "இத என்ன பண்றதுன்னே தெரியல. யாரும் சொல்லவும் மாட்டேங்கறாங்க."

"யாரு சொல்லுவாங்கோ? கல்யாணம் ஆனவங்கோ கரீட்டா எட்த்துனு வந்துருவாங்கோ. ஆவாம பூட்டவங்கோ இந்தப் பக்கமே வர்றதில்ல. அது பாட்டுக்கு வூட்லயே தொங்கினு கீது. அத கயட்டணும்னு யாருக்கும் தோணாது." பூக்காரம்மாள் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள். "போயி மரத்தாண்ட போட்டுட்டு வா. பெருமாளு இன்னா ரசீதா கேக்கப் போறாரு?"

'கயட்டணும்னு யாருக்கும் தோணாது' என்ற வார்த்தையிலேயே வைஷாலி நின்றுவிட்டாள்.

கழற்றுகிற வரி எங்கே இருக்கிறது? நகல் எடுத்து முடித்த இடத்தில். முடிந்தால் கழற்றும். முடியாமல் போனால்? நடுவிலேயே ஏதோ இடக்கு வந்து, "இந்த வேலை ஆகாது" என்று திரும்பி வருகிற வழி ஒன்று உண்டு. அந்த வழியில் கழற்றச் சொல்லி அவள் எழுதினாளா? காரிலிருந்து மடிக்கணினியை எடுத்துவந்து, கோயில் வாசலிலேயே, செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்து திறந்தாள்.

எழுதவில்லை.

உள்ளறையில் நகல் எடுக்க இடம் போதாவிட்டால், நிரல் "இடம் இல்லை" என்று சொல்லிவிட்டு அப்படியே வெளியே வந்துவிடுகிறது. மாட்டிய தலைமை அதிகாரம் அந்த ஆளின் மேலேயே தங்கிவிடுகிறது. கம்ப்யூட்டர் திரையில் திறந்திருக்கும் அந்த ஜன்னலை அவர் மூடும்வரை எந்தக் கதவைத் தொட்டாலும் திறக்கும். அவருக்கே தெரியாது. அவள் சோதித்ததெல்லாம் காலியான பெட்டியில். எல்லாம் நல்லபடியாக முடிகிற வழியை மட்டும் திரும்பத் திரும்ப நடந்து பார்த்துவிட்டு, வழியே கிடையாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

"ஏண்டி, அழறியா?" அம்மா பதறிப்போய்ப் பக்கத்தில் குனிந்தாள். "அவன் போனா போறான், விடு."

"அது இல்லம்மா. டிஸ்க் ஃபுல்லா இருந்துச்சான்னு தெரியணும்."

அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, மாலையை எடுத்துக்கொண்டு தனியாகவே உள்ளே போனாள்.

ஜெபக்குமாரின் கைபேசி எண் சென்டர் அனுப்பிய புகாரோடு வந்திருந்தது. சாலையோரத்துத் தென்னை நிழலில் நின்று அழைத்தாள். தான் யார் என்று சொன்னாள்.

"இன்னும் இன்னா மேடம்? அதான் காலைலயே ஒத்துகினேனே."

"எத ஒத்துக்கிட்டீங்க?"

"நீங்க அனுப்ச்ச மெயில பிரபாவதி மேடம் நேத்து நைட்டே போன்ல படிச்சு காட்னாங்கோ. இன்னிக்குக் காலைல அல்லாரையும் ரிசப்ஷன் ஹால்ல நிக்க வெச்சாங்கோ. மன்னிப்பு கேட்டா போலீசு வேணாம், இல்லாங்காட்டி கேஸுன்னு சொல்லிட்டாங்கோ. கேட்டுட்டேன். வேல இருக்குதா இல்லியான்னு திங்கக்கெளம டைரக்டர் வந்து சொல்லுவாராம்."

"நீங்க பாஸ்வேர்ட எடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் ஏங்க?"

"கம்பெனியே எய்திக் குட்த்துட்டுது, வேற வயியே இல்லன்னு. நைட்டெல்லாம் நெனச்சுப் பாத்தேன். தெரியாம நான்தான் எத்தையோ அமுக்கிட்டேனோன்னு எனக்கே தோணிப்போச்சு. எங்கம்மா ஞானம்மாள் வேற, கேஸு மட்டும் வேணாண்டா நைனான்னு அய்துகினே இருந்துது."

செய்யாததைச் செய்ததாக ஒரு மனிதரை நம்ப வைத்திருக்கிறது அவள் எழுதிய நாலு வரி. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அன்னிக்கு டிஸ்க் ஃபுல்லா இருந்துச்சா?"

"ஃபுல்லாயி எதுவும் சேவ் ஆவலன்னுதான மேடம் என்னிய கூப்டாங்கோ? ஒரு பயைய ஃபைல தெறந்து சேவ் பண்ணிப் பாத்தேன், எடம் இல்லன்னுச்சு. சரி, எந்த ஃபோல்டரு எடத்த அடச்சுகினு கீதுன்னு ஒண்ணொண்ணா பாத்துகினு வந்தேன். அல்லாம் தெறந்துச்சு, பாத்தேன். இதத்தான் மொதல்லேர்ந்து சொல்றேன். யாரும் காதுலயே வாங்கல."

அவளும்தான் வாங்கவில்லை. புகாரோடு இணைத்திருந்த அவருடைய விளக்கத்தில் 'இடம் காலி செய்யப் போனேன்' என்று இருந்ததை அவள் படித்திருந்தாள். சாக்கு என்று தள்ளிவிட்டுப் பதிவைப் பார்க்கப் போனாள். பதிவு பொய் சொல்லாது என்பது அவள் தொழிலில் வேதவாக்கு. பொய் சொல்லவில்லைதான். அதிகாரம் அவரிடம் இருந்தது என்று சொன்னதே தவிர, அது எப்படி வந்தது என்று அதற்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் மடிக்கணினிக்குள்ளேயே சின்னதாக ஒரு சோதனைப் பெட்டி தயார் செய்து, குப்பைக் கோப்புகளைக் கொட்டி நிரப்பினாள். சாதாரண ஆளாக நுழைந்து ஒரு பழைய கோப்பைத் திருத்தினாள். இடம் இல்லை என்றது. அப்படியே பூட்டிய ஃபோல்டரைத் தட்டினாள். ஒரு வார்த்தை கேட்காமல் திறந்துகொண்டது. ஜன்னலை மூடிவிட்டுப் புதிதாக நுழைந்து அதே ஃபோல்டரைத் தட்டினாள். அனுமதி மறுக்கப்பட்டது. சரிசெய்ய வேண்டியது ஒரே ஒரு வரி. தோற்றுத் திரும்புகிற வழியிலும் கழற்றி வை என்று எழுதினால் போதும். தட்டச்சு செய்ய ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

டீம் லீடர் விஷாலை அழைத்தாள்.

"சூப்பர், பிடிச்சிட்ட" என்றான் அவன். "அடுத்த அப்டேட்ல போட்டுடலாம். ஆனா கஸ்டமருக்கு இப்போதைக்கு எதுவும் எழுதாத. லீகல் டீம் பாக்கட்டும். ஒரு ரெண்டு வாரம்."

"அந்த ஆளோட வேலை திங்கட்கிழமை போயிடும், விஷால்."

"பாவம்தான். ஆனா போலீஸ் கேஸ் இல்லைல? நாம போய் எங்க தப்புன்னு நின்னா எல்லா கஸ்டமரும் கெளம்பி வருவான். உன் பேருதான் அந்த மெயில்ல இருக்கு, அதையும் யோசிச்சுக்க."

யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேறு வேலையே இல்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கும் வேலையில் இப்போதுதான் ஒரு பெயர் எடுத்திருந்தாள். கல்யாணம் நின்ற பிறகு சொந்தக்காரர்கள் முன்னால் தலைநிமிர்ந்து நடக்க அவளிடம் மிச்சம் இருந்தது அந்த வேலை ஒன்றுதான். அதுவும் போனால் என்ன ஆவது என்றே திரும்பத் திரும்ப நினைத்தாள். ஆனால் ஒவ்வொரு முறையும், "எனக்கே தோணிப்போச்சு" என்ற குரல் குறுக்கே வந்தது. ஆணியைப் பார்த்தாள். மாலை இல்லாத சுவரில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது.

திங்கட்கிழமை காலை விஷாலுக்கு ஒரே வரி அனுப்பினாள்: "எதுவும் எழுதவில்லை. நேரில் போகிறேன்." பிறகு கைபேசியை அணைத்துவிட்டு செங்கல்பட்டு ரயிலில் ஏறினாள். கொளவாய் ஏரி ஜன்னலில் வந்தபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஸ்கேன் சென்டர் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பதை நெருங்கும் வயது. முன்பின் பார்த்ததில்லை என்றாலும் வைஷாலிக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போகிற ஊழியர்கள் அவரைப் பார்க்காத மாதிரி நடந்தார்கள்.

டைரக்டரின் அறையில் மேனேஜர் பிரபாவதியும் இருந்தாள். வைஷாலி மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். ஜெபக்குமாரையும் உள்ளே கூப்பிடச் சொன்னாள். ஒவ்வொன்றாகக் காட்டினாள். நிரம்பிய பெட்டி, திருத்திய கோப்பு, இடம் இல்லை என்ற பதில், கேள்வி கேட்காமல் திறந்த ஃபோல்டர். பிறகு ஜன்னலை மூடித் திறந்து, அதே ஃபோல்டர் மறுப்பதையும் காட்டினாள்.

"இவர் பாஸ்வேர்ட தொடவே இல்ல சார். எங்க நிரல் இவருக்கு அதிகாரத்தக் கொடுத்துட்டு, திரும்ப வாங்கிக்கல. அந்த நிரல எழுதினது நான். பிழை இல்லைன்னு உங்களுக்கு எழுதினதும் நான்தான்."

டைரக்டர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப டிஸ்க் நெறஞ்சா எங்க ஃபைல யார் வேணாலும் பாக்கலாம்னு சொல்றீங்க."

"ஆமா சார். அதிகாரத்தத் திரும்ப வாங்க ஒரு வரி எழுதினா போதும், இன்னிக்கே சரி பண்ணித் தரேன்."

"உங்க கம்பெனிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார் அவர், அவள் பயந்தது போலவே. பிறகு ஜெபக்குமார் பக்கம் கையை அசைத்தார். "சரிப்பா. ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சு. போய் வேலையப் பாரு."

பிரபாவதி எழுந்துகொண்டாள். விஷயம் முடிந்த மாதிரிதான் இருந்தது. ஜெபக்குமார் மட்டும் நகரவில்லை.

"மேடம்," என்றார் வைஷாலியிடம், டைரக்டரைப் பார்க்காமல். "அந்த அதிகாரத்த திரும்ப வாங்க ஒரு வரி எய்தினா போதும்னு சொன்னீங்க."

"ஆமாங்க."

"நான் கேட்ட மன்னிப்ப எப்டி திரும்ப வாங்கறது?"

வைஷாலி டைரக்டரின் முகத்தைப் பார்த்தாள். அவர் அடுத்த கோப்பைக் கையில் எடுத்திருந்தார். அவரிடம் அனுமதி கேட்டு நின்றால் அது கிடைக்காது என்று தோன்றியது. அவள் பிரபாவதியிடம் திரும்பினாள்.

"அன்னிக்கு ஹால்ல யார் யார் நின்னாங்களோ, எல்லாரையும் இப்ப வரச் சொல்லுங்க. நான் பேசணும்."

"பேஷண்ட்ஸ் வர்ற நேரம்மா."

"அன்னிக்கும் பேஷண்ட்ஸ் இருந்திருப்பாங்களே."

பிரபாவதி கொஞ்சம் தயங்கினாள், பிறகு போய்க் கூப்பிட்டாள். ரிசப்ஷன் பெண், லேப் ஆட்கள், டெக்னீஷியன்கள், கூட்டிப் பெருக்குகிறவர்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். டோக்கனோடு காத்திருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சனிக்கிழமை ஜெபக்குமார் நின்ற இடம் எது என்று அவரிடமே கேட்டு வைஷாலி அங்கே போய் நின்றாள். என் பெயர் இது, நான் செய்த தப்பு இது என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தாள்.

"மேடம், கொஞ்சம் இருங்க." ஜெபக்குமார் கூட்டத்தை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரம்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "ஆம்புலன்ஸ் ஓட்ற சின்னையன் அண்ணாத்த இல்ல. இன்னிக்கு லீவு. அன்னிக்கு அவரும் நின்னுகினு இருந்தாரு."

"இத்தன பேர் இருக்காங்களே, போதாதா?" என்றாள் பிரபாவதி.

ஜெபக்குமார் வைஷாலியையே பார்த்தார்.

"இன்னிக்கு இவங்ககிட்ட சொல்றேங்க" என்றாள் வைஷாலி. "நாளைக்கு அவருக்காகத் திரும்ப வரேன்."